யாருடைய கண்பாவை பெரியது?

கம்போங் குவாந்தானில் இரவில் படகு ஏறியிருக்கிறீர்களா? துடுப்பு நீரில் படும் சத்தம் மட்டும் கேட்கும். சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் பெரெம்பாங் மரங்கள் கறுப்பாக நிற்கும். முதலில் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைவது கண்ணுக்குப் பிடிபடும்.

எங்கள் அறிவியல் கழக மாணவர்களை அங்கே ஒருமுறை அழைத்துப் போயிருந்தோம். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் பக்கமிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகள். மின்மினி தங்கள் மாவட்டத்துக்கே பெருமை என்று தெரியும். ஆனால் பாதிப் பேர் அன்றுதான் முதல்முறை பார்க்கிறார்கள். படகோட்டி, கைப்பேசி விளக்கைப் போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். இருந்தும் ஒருவர் படம் எடுக்கப் போக, வெளிச்சம் பளீரென்று அடித்தது. "ஐயோ, கண்ணு!" என்று எதிரே இருந்த மாணவி முகத்தை மூடிக்கொண்டார்.

உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கண்ணு பெருசு டீச்சர். அதான் கூசுது."

எல்லாரும் சிரித்தார்கள். விளக்கைப் போட்டவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில், கண் கூசியது அந்தப் பெண்ணின் குறையாகிவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் டீச்சர்" என்றார் அந்த மாணவர்.

எல்லாருக்கும் தெரியும் என்று ஒருவர் சொன்னால் அறிவியல் ஆசிரியருக்குக் கை பரபரக்கும். அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலை எடுத்தோம்.

ஒரு சின்னக் குறிப்பு. அன்று எங்களுக்கு முன்னால் இருந்த மின்மினிகளில் ஆணும் பெண்ணும் ஒளி விஷயத்தில் உண்மையாகவே வேறுபட்டவை. அந்த இனத்தின் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னுவது ஆண் பூச்சிகள்தாம். ஆகவே, "ஒளியில் ஆண், பெண் வேறுபாடு உண்டா?" என்பது முட்டாள்தனமான கேள்வி அல்ல. பூச்சியில் உண்டு. நம் கண்ணில் உண்டா என்பதுதான் கேள்வி. அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுருக்குப் பை

கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் வட்டம் ஒரு பொருள் அல்ல, துளை. ஒளி உள்ளே போகும் வாசல். தமிழில் கண்பாவை அல்லது கண்மணி. பாவை என்றால் பொம்மை. எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் உற்றுப் பாருங்கள், உங்கள் உருவமே சின்னப் பொம்மையாகத் தெரியும். லத்தீனிலும் அதன் பெயருக்குச் சின்னப் பொம்மை என்றுதான் பொருள். நீங்கள் பள்ளியில் படிக்கும் மலாய்ச் சொல் 'அனாக் மாத்தா', கண்ணின் குழந்தை. மூன்று மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

துளையைச் சுற்றியுள்ள பழுப்பு வளையம் ஐரிஸ். அதில் இரண்டு தசைகள். ஒன்று துளையைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. பாட்டி வெற்றிலை வைத்திருக்கும் சுருக்குப் பையின் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் வாய் சுருங்கும். இன்னொன்று சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல் வெளிநோக்கி நிற்கிறது. அது இழுத்தால் வாய் விரியும். நல்ல வெயிலில் துளையின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். நல்ல இருட்டில், இளைஞர்களுக்கு, 8 மில்லிமீட்டர் வரை போகும். விட்டம் 4 மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. உள்ளே வரும் ஒளியும் அவ்வளவு மடங்கு மாறுகிறது.

ஆனால் வெயிலுக்கும் மின்மினி இரவுக்கும் உள்ள வேறுபாடு 16 மடங்கு அல்ல, பல லட்சம் மடங்கு. மீதி வேலையை விழித்திரை செய்கிறது. அது இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். படகில் ஒரு விநாடி வெளிச்சம் அடித்தபோது எல்லாரும் இழந்தது அந்தப் பழக்கத்தைத்தான். கண்பாவை ஒரு விநாடிக்குள் சுருங்கிவிடும், திரும்ப விரிய அதைவிட நேரமாகும், விழித்திரையோ மீண்டும் இருட்டுக்குப் பழக வேண்டும். படகோட்டிக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், விளைவு நன்றாகவே தெரியும்.

ஒளி பட்டதும் என்ன நடக்கிறது என்பது படிவம் 3 அறிவியலின் முதல் பாடத்தில் வருகிறது. விழித்திரையில் எழும் செய்தி பார்வை நரம்பு வழியாக நடுமூளைக்குப் போகிறது. அங்கிருந்து வேறொரு நரம்பு வழியாகச் சுருக்குத் தசைக்குக் கட்டளை வருகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடியில் தசை அசையத் தொடங்கிவிடும். நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, தடுக்கவும் முடியாது. ஒரு கண்ணில் மட்டும் ஒளி அடித்தாலும் இரண்டு கண்பாவைகளும் சேர்ந்தே சுருங்கும். தேர்வுக்கு இது போதும். எங்கள் கேள்விக்குப் போதாது.

முதல் அளவும் முதல் தவறும்

வகுப்பில் முதல் சிக்கலே எங்கள் கண்ணின் நிறம். பாடநூல் படங்களில் நீலக் கண்ணும் நடுவில் கறுப்பு வட்டமும் பளிச்சென்று இருக்கும். எங்கள் ஐரிஸ் அடர்ந்த பழுப்பு. பழுப்பு எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம் விழுந்தால்தான் விளிம்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே அளவுகோலைப் பிடித்து, இருவர் இருவராக அளந்து கரும்பலகையில் எழுதினார்கள்.

பெண்களின் சராசரி கொஞ்சம் பெரிதாக வந்தது. படகில் பேசிய மாணவர் எழுந்து நின்று வணக்கமே வைத்துவிட்டார்.

நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. "சரி, இது தவறாக இருந்தால் எந்தக் காரணத்தால் இருக்கும்?" என்று கேட்டேன். முதலில் பதில் வரவில்லை. பிறகு ஒரு மாணவி, "மிஸ், நாங்க சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கோம். அவங்க ஜன்னல் ஓரம்" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் அதிகம், ஆகவே கண்பாவை சிறியது. நாங்கள் அளந்தது ஆண், பெண் வேறுபாட்டை அல்ல, இருக்கை வரிசையை.

அதற்குப் பிறகு மற்றவை தாமாக வந்தன. சிலர் கண்ணுக்கு மை இட்டிருந்தார்கள். கறுப்பு விளிம்பு கண்ணை ஏமாற்றும். பெண்ணை ஆண் அளக்கும்போது இருவரும் சிரித்தார்கள், கூச்சப்பட்டார்கள். கூச்சமும் பயமும் பரபரப்பும் கண்பாவையை விரிக்கும், ஏனென்றால் விரிக்கும் தசையை இயக்குவது அந்த நரம்பு மண்டலம்தான். கணக்குப் போட்டாலும் விரியும். டேனியல் கானமன், ஜேக்சன் பீட்டி என்ற இருவர் 1966இல் இதை அழகாகக் காட்டினார்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் கண்பாவை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. கானமன் பிறகு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கண்பாவையிலிருந்து பொருளியலுக்குப் போவது எப்படி என்று கேட்காதீர்கள், அது தனிக் கட்டுரை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் அளவுகோலின் சிறிய கோடு 1 மில்லிமீட்டர். கை நடுக்கத்தில் அரை மில்லிமீட்டர் அப்படியும் இப்படியும் போகும். எங்களுக்குக் கிடைத்த 'வேறுபாடு' அதைவிடச் சிறியது.

பெரியவர்களும் சறுக்கிய இடம்

நீங்கள் மட்டும்தான் இப்படித் தவறுவீர்கள் என்று நினைக்க வேண்டாம். 1960இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் என்ற இருவர் 'சயன்ஸ்' என்ற புகழ்பெற்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பலவகைப் படங்களைக் காட்டிக் கண்பாவையை அளந்தார்கள். குழந்தையின் படத்துக்கும் தாயும் சேயும் இருக்கும் படத்துக்கும் பெண்களின் கண்பாவை ஆண்களுடையதைவிட அதிகம் விரிந்தது என்று கண்டார்கள். உலகமெங்கும் பேசப்பட்ட ஆய்வு அது. எத்தனை பேரை அளந்தார்கள் தெரியுமா? 4 ஆண்கள், 2 பெண்கள்.

இரண்டு பெண்கள்! உங்கள் வகுப்பில் இரண்டு பேரைப் பிடித்து அளந்துவிட்டு, உலகத்துப் பெண்கள் எல்லாரும் இப்படி என்று சொல்ல முடியுமா? படங்களின் வெளிச்சம் சமமாக இருந்ததா என்ற கேள்வியையும் பின்னால் வந்தவர்கள் எழுப்பினார்கள். வெள்ளைப் பகுதி அதிகமுள்ள படம் கண்பாவையைச் சுருக்கிவிடும் அல்லவா. ஹெஸ் ஒரு புதிய துறையைத் தொடங்கி வைத்தவர், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அந்த ஆறு பேரை வைத்து ஆண் மனம், பெண் மனம் என்று பேசியவர்கள் பலர்.

ஒளிக்குக் கண்பாவை எப்படி மாறுகிறது என்பதை மட்டும் கவனமாக அளந்த ஆய்வு ஒன்று 1994இல் வந்தது. பேரி வின், டேவிட் விட்டேக்கர் முதலிய நால்வர் 17 வயது முதல் 83 வயது வரையுள்ள 91 பேரை அகச்சிவப்புக் கருவியால் அளந்தார்கள். அகச்சிவப்புக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அளக்கும் விளக்கே கண்பாவையை மாற்றிவிடும் தொல்லை இல்லை. ஐந்து வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பார்த்தார்கள். ஆணா பெண்ணா என்பதால் கண்பாவையின் அளவு மாறவில்லை. ஐரிஸின் நிறத்தாலும் மாறவில்லை. கிட்டப்பார்வை, தூரப்பார்வையாலும் மாறவில்லை. ஒன்றால் மட்டும் தெளிவாக மாறியது. அது வயது.

மங்கலான வெளிச்சத்தில் ஆண்டுக்கு 0.043 மில்லிமீட்டர் வீதம் கண்பாவை சிறுத்துக்கொண்டே போகிறது. சின்ன எண் போலத் தெரிகிறதா? 20 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் ஒப்பிடுங்கள். 40 ஆண்டு, 0.043ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் இருந்தது 4.3 ஆகிவிடும். பரப்பைக் கணக்கிட்டால், உள்ளே போகும் ஒளி ஏறக்குறைய பாதி.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு என் பாட்டி நினைவு வந்தார். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர். எந்த மரத்தில் எந்த இடத்தில் வெட்டுக்கோடு இருக்கிறது என்று அந்தச் சின்ன வெளிச்சத்திலேயே பார்த்த கண்கள். வயதான பிறகு சாயங்காலமே, "லைட்டப் போடு, லைட்டப் போடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மின்கட்டணம் ஏறுமே என்று நாங்கள் முணுமுணுத்திருக்கிறோம். எங்களுக்குப் போதுமாக இருந்த வெளிச்சம் அவருக்கு உண்மையிலேயே பாதியாகத்தான் போயிருக்கிறது. கண்புரை இருந்தால் இன்னும் குறைவு. இந்தப் பாடத்தை நான் இருபது வயதில் படித்திருக்கலாம்.

2012இல் ஆண்ட்ரூ வாட்சன், ஜான் யெல்லட் என்ற இருவர், அதுவரை பலர் செய்த அளவீடுகளையெல்லாம் திரட்டிக் கண்பாவை அளவுக்கு ஒரு பொதுச் சூத்திரம் கொடுத்தார்கள். அதில் வெளிச்சம் எவ்வளவு, வெளிச்சப் பரப்பு எவ்வளவு பெரியது, ஒரு கண்ணா இரு கண்ணா, வயது என்ன என்று கேட்கும் இடங்கள் உண்டு. ஆணா பெண்ணா என்று கேட்கும் இடம் இல்லை.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? அவசரப்படாதீர்கள், இங்கேயும் நேர்மையாக இருக்க வேண்டும். 2009இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளி பட்டதும் வலது, இடது கண்பாவைகள் சுருங்குவதில் உள்ள மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வு ஆண்களிடம் ஒரு மாதிரியும் பெண்களிடம் வேறு மாதிரியும் இருப்பதாக எழுதினார்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியும் அளவு அல்ல, கருவி வேண்டும். 2017இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 16 ஆண்களையும் 16 பெண்களையும் மாலை நேரத்தில் நீலம் மிகுந்த விளக்கின் கீழ் உட்கார வைத்தார்கள். அதே வெளிச்சம் பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல் பிரகாசமாகத் தோன்றியது. இந்த முடிவு பிரகாச உணர்வைப் பற்றியது, கண்பாவை அளவைப் பற்றியது அல்ல. ஆனால் படகு மாணவருக்கு இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் மாறியது. அவர் சொன்னதற்கு நேர் எதிராக அல்லவா வந்திருக்கிறது!

அதற்காக, "ஆண்களுக்குத்தான் கூசும்" என்று பெண்கள் கிளம்பிவிடக் கூடாது. 32 பேர், ஒருவகை விளக்கு, ஒருவகை நேரம். 2019இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 55 பேரை வைத்து வேறொன்று பார்த்தார்கள். இரவு வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை எவ்வளவு அடக்குகிறது என்பது அந்த ஆய்வு. ஒளிக்கு மிகவும் கூருணர்வுள்ளவருக்கும் மிகக் குறைந்தவருக்கும் இடையே 50 மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தது. மனிதருக்கு மனிதர் 50 மடங்கு! பக்கத்தில் இருப்பவருக்குக் கூசுகிறது, உங்களுக்குக் கூசவில்லை என்றால் அவர் நடிக்கிறார் என்று நினைக்க இடமில்லை.

பெயர் இல்லாத கண்கள்

இரண்டாம் முறை அளந்தபோது முறையை மாற்றினோம். எல்லாரும் ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, திரை போட்ட ஜன்னல். உட்கார்ந்து இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும், யாரும் பேசக் கூடாது. கண்ணுக்குக் கீழே அளவுகோல். கைப்பேசியில், ஃபிளாஷ் இல்லாமல், கண் மட்டும் தெரியும்படி படம். மை இட்டவர்கள் துடைத்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் மேசை இழுப்பறையில். படத்தைத் திரையில் பெரிதாக்கி வேறொரு குழு அளந்தது. யார் கண் என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாகவே நாம் விரும்பும் பக்கம் சாயும். பொய் சொல்லும் எண்ணமே இல்லாத நல்ல மனிதருக்கும் சாயும்.

அளந்து முடிந்ததும் ஒரு போட்டி வைத்தேன். எண்களைப் பார்த்து எது ஆண், எது பெண் என்று சொல்லுங்கள். காசு சுண்டிப் போட்டதுபோல்தான் விடை வந்தது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஆணும் பெண்ணும் கலந்தே நின்றார்கள்.

ஆனால் ஒரு குழு ஒரு ஜோடிப் படங்களில் தடுமாறியது. "இந்த ரெண்டும் வேற வேற ஆளு டீச்சர். அளவே சேரல." பட்டியலைப் பார்த்தேன். ஒரே மாணவரின் இடது கண்ணும் வலது கண்ணும்.

வகுப்பு அமைதியானது. அந்த மாணவரின் முகத்தைப் பார்த்து நானும் கொஞ்சம் பயந்தேன். ஏனென்றால் மருத்துவமனையில் தலையில் அடிபட்டு வருபவரின் கண்ணில் செவிலியர் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். மூளைக்குள் வீக்கமோ ரத்தக்கசிவோ இருந்து அந்த நரம்பை அழுத்தினால், ஒரு பக்கத்துக் கண்பாவை விரிந்து, ஒளிக்குச் சுருங்காமல் நின்றுவிடும். அது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அறிகுறி.

இவருக்கோ அடி இல்லை, தலைவலி இல்லை, இமை தொங்கவில்லை. ஒளி பட்டதும் இரண்டும் நன்றாகச் சுருங்கின. பழைய பிறந்தநாள் படங்களைத் தேடிப் பார்த்தபோது சின்ன வயதிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. இருந்தாலும் அம்மாவுடன் போய்க் கண் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு இப்படி இரு கண்பாவைகளும் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சமமில்லாமல் இருக்கும், நோய் அல்ல. ஆண், பெண் என்று நாங்கள் தேடி அலைந்த வேறுபாட்டைவிடப் பெரியது ஒரே முகத்துக்குள் இருந்தது.

அந்த மாணவர் இப்போது ஒப்டோமெட்ரி படிக்க வேண்டும் என்கிறார். யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் புஞ்சாக் ஆலாம் வளாகத்திலேயே, சுகாதார அறிவியல் புலத்தில் அந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. பள்ளிப் பேருந்து அந்த வழியாகத்தான் தினமும் போகிறது.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். தாத்தா, பாட்டி, அப்பா, அக்கா, தம்பி என்று வெவ்வேறு வயதுக்காரர்கள் இருந்தால் இன்னும் நல்லது. லேசர் விளக்கு, சூரியன், கைப்பேசி ஃபிளாஷ் இவை எதையும் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது. தோட்டத்தில் வேலியோரம் வளரும் ஊமத்தை கண்பாவையை விரிக்கும் என்று யாராவது சொன்னால், அது உண்மைதான்; ஆனால் அது நஞ்சு, தொட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகவும் வேண்டாம். யாருக்காவது கண்பாவை திடீரென்று ஒரு பக்கம் மட்டும் விரிந்து, தலைவலியோ இமைத் தொங்கலோ இருந்தால் அளவுகோலைத் தேடாதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றபடி, படங்களுக்கு எண் போட்டு, பட்டியலை மறைத்து வைத்து, அண்டை வீட்டுப் பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள்.

படகில் முகத்தை மூடிக்கொண்ட மாணவியின் படத்துக்கு எண் 7. அடுக்கி வைத்தபோது அவருடைய கண்பாவை சிறியவற்றின் பக்கம்தான் நின்றது. விளக்கைப் போட்டவர் அன்று இடைவேளையில் அவரிடம் போய் ஏதோ சொன்னார். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.